மகிழுந்தின் எண்ணெய் அழுத்த உணரி: பழுதறிதலும் மாற்றுதலும்

எண்ணெய் அழுத்த உணரி என்பது மகிழுந்தின் எஞ்சினுக்குள் சுற்றிவரும் மசகெண்ணெயின் அழுத்தத்தை அறிந்து ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் சிறு மின்கருவி ஆகும். இது எஞ்சின் உடலில் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதை ஆயில் பிரஷர் சுவிட்ச் என்றோ ஆயில் சென்சார் என்றோ அழைப்பர். அழுத்தம் வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கினால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மூக்குள்ள எண்ணெய்க் குவளையிலிருந்து ஒரு துளி சொட்டுவது போன்ற படம் அதில் இருக்கும்.

இந்த விளக்கு எரிய இரண்டு காரணங்கள் உண்டு. எஞ்சினில் உண்மையிலேயே எண்ணெய் அழுத்தம் இல்லாமல் போயிருக்கலாம். அல்லது அழுத்தம் சரியாக இருந்து, உணரியோ அதற்குச் செல்லும் மின்கம்பியோ பழுதாகியிருக்கலாம். இரண்டாவது அடிக்கடி நேர்வது. சாதாரண சுவிட்ச் வகையாக இருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். முதலாவதைக் கவனிக்காமல் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் பாழாகும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். "சென்சார்தான் போயிருக்கும்" என்ற ஊகத்தில் ஓட்டிக்கொண்டே போய் எஞ்சினை இழந்தவர்களும் உண்டு. உணரியின் பழுதை அறியாமல் தேவையின்றி எஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு.

எஞ்சினில் வேறு சில அழுத்த உணரிகளும் உள்ளன. காற்று உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை அளப்பது ஒன்று. எரிபொருள் குழாயின் அழுத்தத்தை அளப்பது இன்னொன்று. அவை பழுதானால் வண்டி இழுவை குறையும், திணறும், கரும்புகை விடும். ஆனால் சிவப்பு எண்ணெய் விளக்குக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எண்ணெய் அழுத்தம் எதற்கு?

எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியில் எண்ணெய் தங்கியிருக்கும். இதை ஆயில் சம்ப் என்பர். பட்டறைப் பேச்சில் சேம்பர் என்ற பெயரும் வழங்குகிறது. கிராங்க்ஷாஃப்ட் சுழலும்போது அதனால் இயக்கப்படும் பம்பு, ஒரு வலைவடிகட்டி வழியாக எண்ணெயை உறிஞ்சி, ஆயில் பில்டர் வழியாக எஞ்சின் உடலில் குடையப்பட்ட நீண்ட துளைகளுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து எண்ணெய் கிராங்க்ஷாஃப்ட் தாங்கிகளுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் பிரிந்து செல்கிறது. எண்ணெய் அழுத்த உணரி இந்தத் துளைகளில் ஒன்றின் ஓரத்தில்தான் பொருத்தப்படுகிறது.

பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். சரியாகச் சொன்னால் பம்பு ஓட்டத்தை மட்டுமே உண்டாக்குகிறது. அந்த ஓட்டம் குறுகிய இடைவெளிகளின் வழியே வெளியேறத் தடைபடுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சியடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். தாங்கிக்கும் தண்டுக்கும் இடையிலான இடைவெளி புது எஞ்சினில் ஏறக்குறைய 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை இருக்கும். தாங்கி தேய்ந்து இந்த இடைவெளி அகன்றால் விரலை எடுத்ததுபோல அழுத்தம் விழுந்துவிடும். எண்ணெய் சூடேறி நீர்த்துப்போனாலும் அப்படியே. பள்ளி இயற்பியலில் பாகுநிலை என்று படிப்பது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அழுத்தம் மிகுதியாகவும், நெடுந்தூரம் ஓடிய பின் சிக்னலில் நிற்கும்போது மிகக் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

தண்டின் சுமையை உண்மையில் தாங்குவது பம்பு தரும் அழுத்தம் அன்று. 1883-ல் பிரிட்டனில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் இரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் மேல்பக்கத்தில் இருந்த துளை வழியே எண்ணெய் பொங்கி வழிந்தது. துளையைக் கட்டையால் அடைத்தபோது கட்டையே வெளியே தள்ளப்பட்டது. ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமை அழுத்தத்தைப் போல இரு மடங்கையும் கடந்து அது காட்டியது. சுழலும் தண்டு தன் அசைவாலேயே எண்ணெயை ஆப்புபோல இடுக்கில் இழுத்துச் சென்று, அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது என்பது அப்போது தெரிந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

மகிழுந்து எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. பம்பின் வேலை அந்தப் படலத்துக்கு இடைவிடாமல் புது எண்ணெய் ஊட்டுவதும் சூட்டை எடுத்துச் செல்வதும். ஊட்டம் நின்றால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். முதலில் டொக் டொக் என்ற ஒலி, பின்னர் தாங்கி உருகித் தண்டைப் பற்றிக்கொள்ளுதல். இதைத்தான் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்கிறோம்.

சூடான எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது பல மகிழுந்துகளில் அழுத்தம் 1 பார் அளவை ஒட்டியும், 3000 சுற்றுகளில் 3 முதல் 5 பார் வரையிலும் இருக்கும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. பட்டறைகளில் "ஒரு கேஜி" என்று சொல்லப்படும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்ற அளவும் ஏறக்குறைய இதற்குச் சமம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் உரிய எண் அதன் பட்டறைக் கையேட்டில் இருக்கும். தீர்ப்புக்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உணரியின் வகைகள்

மிகப் பரவலானது ஒற்றைக் கம்பிச் சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் சுருள்வில்லும் இரு மின்தொடு முனைகளும் இருக்கும். அழுத்தம் இல்லாதபோது வில் முனைகளைச் சேர்த்து வைத்திருக்கும். விளக்கிலிருந்து வரும் கம்பி சுவிட்சின் வழியே எஞ்சின் உடலில் எர்த் ஆவதால் விளக்கு எரியும். அழுத்தம் சவ்வைத் தள்ளியதும் முனைகள் பிரிந்து விளக்கு அணையும். சுவிட்ச் திறக்கும் அளவு பெரும்பாலும் 0.2 முதல் 0.5 பார் வரைதான். எஞ்சினுக்குத் தேவையான அழுத்தத்தைவிட இது மிகக் குறைவு. ஆகவே விளக்கு அணைந்திருப்பதை அழுத்தம் நன்றாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. "அடியோடு இல்லாமல் போகவில்லை" என்பது மட்டுமே அதன் பொருள். விளக்கு எரிந்துவிட்டாலோ நிலைமை முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடாத நிலையில், விளக்கு எரிந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு முறையும் விளக்கு தானே தன்னைச் சோதித்துக் காட்டுகிறது. ஆனால் கம்பி அறுந்தாலோ இணைப்பு கழன்றாலோ சுவிட்ச் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலோ விளக்கு ஒருபோதும் எரியாது. எண்ணெய் முழுவதும் ஒழுகிப் போனாலும் எரியாது. பொய்யாக எரியும் விளக்கு பணத்தை மட்டுமே வீணாக்கும். எரிய மறுக்கும் விளக்கு எஞ்சினையே எடுத்துக்கொள்ளும். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு எரிகிறதா, எஞ்சின் கிளம்பிய ஓரிரு நொடிகளில் அணைகிறதா என்று பார்ப்பது மிக எளிய பழக்கம், பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

இரண்டாவது வகை, முள் காட்டும் மானிக்கான மின்தடை உணரி. அழுத்தம் ஏற ஏற அதன் மின்தடை மாறும். ஐரோப்பிய விடிஓ வகையில் அழுத்தமற்ற நிலையில் சுமார் 10 ஓம் இருந்து, உச்சத்தில் சுமார் 180 ஓம் வரை ஏறும். அமெரிக்க மானிகள் சிலவற்றில் 240 ஓமில் தொடங்கி 33 ஓமுக்கு இறங்கும். திருகு பொருந்துகிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் முள் தலைகீழாக ஓடும்.

மூன்றாவது, கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் இணையும் மூன்று கம்பி உணரி. ஒரு கம்பியில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மற்றொன்று சைகை. சைகை பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட் வரை மாறும். 0 முதல் 10 பார் வரை அளக்கும் ஓர் உணரியில் சைகை 1.7 வோல்ட் இருந்தால், அதிலிருந்து 0.5 கழித்து 1.2, அதை 4-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்க 3 பார் என்று கிடைக்கும்.

டாஷ்போர்டில் முள் இருந்தாலும் அதை அப்படியே நம்பிவிட முடியாது. அமெரிக்க ஃபோர்டு வண்டிகள் பலவற்றிலும், 1990-களின் நடுவிலிருந்து மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியிலும், முள் மானிக்குப் பின்னால் சாதாரணச் சுவிட்சே வைக்கப்பட்டது. அழுத்தம் சிறிது இருந்தாலும் மிகுதியாக இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். உண்மையான ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் அஞ்சியதால் அவர்களுக்காகச் செய்த ஏற்பாடு என்று இது சொல்லப்படுகிறது.

சாலையில் விளக்கு எரிந்தால்

வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். "அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம்" என்பது இந்த விளக்குக்குப் பொருந்தாது. மெதுவாகப் போனால் பம்பும் மெதுவாகவே சுற்றும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் கீழே வடிய ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்கலாம். எண்ணெய் குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன தரத்தில் ஊற்றி, ஒழுக்கு உள்ளதா என்று வண்டிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். ஊற்றிய பின் எஞ்சினைக் கிளப்பிச் சில நொடிகளில் விளக்கு அணைந்து, ஒலியும் இயல்பாக இருந்தால் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லையென்றால் வண்டியை இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதாக நினைத்து, அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை. அளவைக் காட்டும் விளக்கு சில வண்டிகளில் தனியாக, மஞ்சள் நிறத்தில் உண்டு.

மின்சோதனை

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். உணரி பெரும்பாலும் ஆயில் பில்டருக்கு அருகிலோ சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலோ இருக்கும். அதன் செருகியைக் கழற்றி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கலாம். சவ்வு கிழிந்தாலோ உடலும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு தளர்ந்தாலோ எண்ணெய் செருகிக்குள் ஏறிவிடும். செருகிக்குள் எண்ணெய் நிறைந்திருந்தால் அந்த உணரியை மாற்றத்தான் வேண்டும்.

ஒற்றைக் கம்பிச் சுவிட்சில் அடுத்த சோதனைக்கு எஞ்சினை ஓடவிடத் தேவையில்லை. சாவியை மட்டும் போட்டால் விளக்கு எரியும். இப்போது செருகியைக் கழற்ற, விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் கம்பியின் உறை எங்கோ தேய்ந்து உலோகத்தில் படுகிறது. குற்றம் சுவிட்சில் இல்லை. மாறாக, சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லையென்றால், கழற்றிய செருகியின் முனையை ஒரு கம்பித்துண்டால் எஞ்சின் உடலோடு தொட்டுப் பார்க்க வேண்டும். எரிந்தால் சுவிட்ச் பழுது. அப்போதும் எரியாவிட்டால் பல்பு, பியூஸ், கம்பி ஆகியவற்றில் தேட வேண்டும். புதிய வண்டிகளில் விளக்கைக் கணினி ஏற்றி அணைப்பதால் இந்தச் சோதனை அப்படியே பொருந்தாமல் போகலாம். மூன்று கம்பி உணரியில் செருகி முனைகளை எர்த்தோடு தொடவே கூடாது. அங்கே மல்டிமீட்டரால் 5 வோல்ட் வருகிறதா, எர்த் நன்றாக உள்ளதா என்று மட்டும் அளக்க வேண்டும்.

ஸ்கேனர் கருவியை இணைத்தால் பி0520 முதல் பி0524 வரையிலான குறியீடுகள் வரலாம். பி0520 உணரியின் மின்சுற்றில் குறை, பி0521 அளவு வரம்பில் பொருந்தவில்லை, பி0522 சைகை மின்னழுத்தம் குறைவு, பி0523 மிகுதி, பி0524 எண்ணெய் அழுத்தமே குறைவு. குறியீடு வந்தவுடன் உணரியை மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஸ்கேனர் படிப்பது உணரி சொன்னதைத்தான். சாட்சியின் மீதே ஐயம் இருக்கும்போது அதே சாட்சியின் வாக்குமூலத்தை மறுபடி படிப்பதால் பயனில்லை.

சுவிட்சைக் கழற்றிச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அதன் திருகு முனையில் இறுக்கமான ரப்பர்க் குழாயைச் செருகி கிளிப் போட்டு, மறுமுனையை அளவுமானியுள்ள கால் பம்பில் இணைக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சின் ஊசியிலும் மற்றதை அதன் உலோக உடலிலும் வைத்தால், அழுத்தமற்ற நிலையில் தொடர்பு ஒலி கேட்கும். மெல்ல மிதிக்க, 0.2 முதல் 0.5 பாருக்குள் ஒலி நின்றுவிட வேண்டும். காற்றை விட்டதும் மறுபடி கேட்க வேண்டும். எத்தனை மிதித்தாலும் ஒலி நிற்கவில்லையென்றால் சுவிட்ச் மூடிய நிலையில் சிக்கியுள்ளது. வகுப்பறையில் செய்துகாட்டவும் ஏற்ற சோதனை இது. சவ்வு கிழியாதிருக்க மெதுவாக மிதிக்க வேண்டும்.

இதிலிருந்து எடுக்கும் முடிவில் கவனம் தேவை. சுவிட்ச் நல்லது என்று தெரிந்தால், கம்பியும் சரியாக இருக்கும் நிலையில், எஞ்சினில்தான் அழுத்தம் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. சுவிட்ச் பழுது என்று தெரிந்தாலோ எஞ்சின் நலமாக உள்ளது என்று உறுதியாகிவிடாது. இரண்டும் ஒருசேரப் பழுதாகியிருக்கலாம்.

அழுத்தமானியால் அளத்தல்

வழக்கைத் தீர்ப்பது மின்சாரம் தேவைப்படாத அழுத்தமானி ஒன்றே. பிரான்சின் யூஜின் பூர்தோன் 1849-ல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் மானியின் வழிவந்ததே இன்றும் பட்டறைகளில் பயன்படுகிறது. தட்டையான வளைந்த குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும். அந்த அசைவு பற்சக்கரத்தால் முள்ளைத் திருப்பும். மின்கம்பியோ சவ்வோ இல்லாததால் ஏமாற வாய்ப்புக் குறைவு.

உணரியைக் கழற்றிய துளையில் உரிய இணைப்பியால் மானியைத் திருக வேண்டும். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் கால் அங்குலத்தில் பாதியான 1/8 அங்குலக் கூம்புத் திருகும், ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் 10 மில்லிமீட்டர் திருகும் இருக்கும். ரப்பர்க் குழாய் பெல்ட்டையோ சூடான புகைக்குழாயையோ தொடாமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். அது அறுந்தால் சூடான எண்ணெய் பீய்ச்சும்.

அழுத்தம் உண்மையிலேயே இல்லை என்ற ஐயம் வலுவாக இருந்தால், பெட்ரோல் வண்டியில் எரிபொருள் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சில நொடிகள் சுற்றிப் பார்க்கலாம். எஞ்சின் கிளம்பாமலே முள் அசைய வேண்டும். அசைந்தால் பியூஸைப் போட்டுக் கிளப்பலாம். கிளப்பிய பத்து நொடிக்குள் முள் ஏறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஏறினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் வரை ஓடவிட்டு, ஐட்லிங்கிலும் கையேட்டில் குறித்த சுற்று வேகத்திலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நிலை அளவை மட்டும் வைத்து எஞ்சினுக்கு நற்சான்று தரக்கூடாது. தேய்ந்த எஞ்சினும் காலையில் நல்ல அளவைக் காட்டும்.

எண்ணெய் தேவைக்கேற்ப ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் புதிய வகைப் பம்புகள் உள்ள எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தம் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்படும். பழைய எஞ்சின் பழக்கத்தில் அதைப் பழுது என்று கருதிவிடக் கூடாது.

உணரி நல்லதாக இருந்தும் அது நிற்கும் இடத்தில் அழுத்தம் எட்டாமல் போவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 5.3 லிட்டர் வி8 எஞ்சின்களில், தேவையில்லாதபோது சில சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் வகையில், உணரிக்கு அடியில் ஒரு சிறு வலைவடிகட்டி இருக்கிறது. அதில் கசடு அடைத்தால் எஞ்சினில் அழுத்தம் இருந்தும் மானி குறைவாகக் காட்டும். உணரியை மட்டும் மாற்றி, அடியில் உள்ள வலையை விட்டுவிட்டால் விளக்கு மறுபடி எரியும்; புது உணரியும் மட்டமானது என்று பழி ஏற்கும்.

அழுத்தம் உண்மையில் குறைந்திருந்தால்

இங்கே உணரியின் கதை முடிந்து எஞ்சினின் கதை தொடங்குகிறது. எளியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்: எண்ணெயின் அளவு, தரம், வயது. 5டபிள்யூ-30 போட வேண்டிய இடத்தில் வேறு தரம் போட்டிருக்கலாம். பெட்ரோலோ டீசலோ கலந்து எண்ணெய் நீர்த்திருக்கலாம். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் தெரியும். அடுத்து வலைவடிகட்டியில் கசடு. எண்ணெய் மாற்றாமல் நெடுங்காலம் ஓடிய வண்டிகளில் இது மிகுதி. எண்ணெயில் நனைந்தபடி ஓடும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில், பெல்ட்டிலிருந்து உதிரும் ரப்பர்த் துணுக்குகளும் இந்த வலையை அடைக்கும். பிரான்சின் 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சின்கள் இதற்குப் பெயர்பெற்றவை.

நம் சாலைகளுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. உயரமான வேகத்தடையிலோ கல்லிலோ சேம்பர் அடிபட்டு உள்நோக்கி நசுங்கினால், அதன் தகடு உறிஞ்சு குழாயின் வாயை நெருங்கி அடைக்கும். எண்ணெய் ஒரு சொட்டும் ஒழுகியிருக்காது, டிப் ஸ்டிக்கிலும் அளவு சரியாக இருக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவருக்குத்தான் நசுங்கல் தெரியும்.

இவை எதுவும் இல்லையென்றால் பம்பின் தணிப்பு வால்வு திறந்த நிலையில் சிக்குதல், பம்பின் தேய்மானம், தாங்கிகளின் தேய்மானம் என்று செலவு ஏறும். கெட்டியான எண்ணெயையோ சேர்க்கைப் பொருளையோ ஊற்றி விளக்கை அணைய வைப்பது பழைய வண்டி விற்பவர்களின் கைவேலை. வாங்குபவர் எஞ்சினை நன்கு சூடாக்கி, ஐட்லிங்கில் விளக்கு மினுக்குகிறதா என்று பார்ப்பது நல்லது.

உணரியை மாற்றுதல்

அழுத்தமானி நல்ல அளவைக் காட்டிய பிறகே இந்த வேலைக்கு வர வேண்டும். எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, உணரியைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைக்க வேண்டும். திறந்த துளைக்குள் மண் விழுந்தால் அது நேராகத் தாங்கிக்குப் போகும். செருகியின் பூட்டை அழுத்திக் கழற்றி, நீளமான சாக்கெட்டால் உணரியைத் திருகி எடுக்கலாம். 24 அல்லது 27 மில்லிமீட்டர் சாக்கெட் பல வண்டிகளுக்குப் பொருந்தும். சிறிது எண்ணெய் வடியும் என்பதால் அடியில் துணி வைக்க வேண்டும்.

புதியது அந்த எஞ்சினுக்கே உரிய பாக எண் கொண்டதாக இருக்க வேண்டும். பழையதோடு பக்கத்தில் வைத்துத் திருகின் அளவும் நீளமும் ஒன்றா என்று பார்க்கலாம். வோக்ஸ்வாகனின் பழைய எஞ்சின்களில் 0.3 பாரில் ஒன்றும் 1.8 பாரில் ஒன்றுமாக இரண்டு சுவிட்சுகள் இருந்தன. உருவம் ஒன்றுபோலத் தோன்றுவதால் இடம் மாற்றிப் போட்டுவிட்டு விளக்கோடும் எச்சரிக்கை ஒலியோடும் அல்லாடியவர்கள் பலர்.

புது உணரியின் திருகில் அடைப்புப் பசை ஏற்கெனவே பூசப்பட்டிருந்தால் வேறெதுவும் தேவையில்லை. இல்லாவிட்டால் எண்ணெயைத் தாங்கும் பசையை மெலிதாக, முனையிலுள்ள முதல் சுற்றை விட்டுவிட்டுப் பூச வேண்டும். குழாய் வேலைக்கான டெஃப்லான் நாடாவைச் சுற்றிச் சுற்றிப் போடுவது இரு வகையில் தவறு. நாடாத் துணுக்கு எண்ணெய்த் துளைக்குள் போகலாம். ஒற்றைக் கம்பிச் சுவிட்ச் தன் திருகு வழியாகத்தான் எர்த் ஆகிறது. நாடா அந்தத் தொடர்பைத் துண்டித்தால் விளக்கு எப்போதும் எரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ந்துகொண்டிருப்பார்.

முதலில் கையால் திருகி, பிறகு சாக்கெட்டால் இறுக்க வேண்டும். பல சிறு மகிழுந்துகளில் இறுக்க அளவு 15 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான், கையேட்டில் சரிபார்க்கவும். கூம்புத் திருகை முழுப் பலத்தோடு இறுக்கினால் அலுமினிய உடல் வெடித்துவிடும். செருகியில் எண்ணெய் ஏறியிருந்தால் மின்தொடர்புத் துப்புரவுத் திரவத்தால் கழுவி உலர்த்தி மாட்ட வேண்டும்.

பேட்டரியை இணைத்துச் சாவியைப் போட்டதும் விளக்கு எரிய வேண்டும். கிளப்பியதும் அணைய வேண்டும். எஞ்சினைச் சூடேற்றி, உணரியின் அடியில் வெள்ளைத் தாளையோ துணியையோ வைத்து ஒழுக்குப் பார்க்கலாம். ஸ்கேனரில் குறியீடு இருந்தால் அழித்துவிட்டு, எண்ணெய் அளவை மறுபடி பார்த்துக் குறைந்ததை ஊற்றி, மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை உணரியின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும்.